ஐந்து வரித் துப்பாக்கி

என் அம்மாவின் ரைஃபிளை விளக்காக மாற்றப்போவதாக ராய்ஸ் சித்தப்பா அறிவித்தபோது அவர் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மீதிப் பாதியால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

"இதுக்கு மேல அது ரைஃபிள் இல்ல ரெட்டா. அது ஒரு குழாய். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எங்கள் வீட்டு மேசையில் எல்க் மான் இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் இருந்தன. முந்தைய நாள் கிளப் மைதானத்தில் நான் சுட்ட இலக்குத் தாளைச் சித்தப்பா சட்டைப் பையில் மடித்தே கொண்டுவந்திருந்தார். அதை விரித்து, குழம்புக் கிண்ணத்தின் மேல் சாய்த்து நிற்கவைத்தார். கல்யாணப் பத்திரிகையைக் காட்டுவதுபோல அவ்வளவு சந்தோஷம்.

"எல்லாரும் பாத்துக்குங்க. காலேஜ் முடிச்ச பொண்ணு சுட்ட லட்சணம்."

லட்சணம் நன்றாக இல்லைதான். துப்பாக்கிக் குண்டு காகிதத்தில் வட்டமாக ஓட்டை போட வேண்டும். என் தாளில் ஒன்றுகூட வட்டம் இல்லை. எல்லாம் நீளநீளமாக, ஒரு குண்டு மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த வடிவத்தில் இருந்தன. மூக்கை முன்னால் நீட்டிப் போக வேண்டிய ஈயக்குண்டு, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் கதவில் சாய்கிற மாதிரி விலாவால் போய் மோதியிருந்தது.

லார்ச் கிரீக் ரைஃபிள் கிளப்பில் இதற்கு ஒரு சடங்கு உண்டு. ஒரு துப்பாக்கியின் குழல் தேய்ந்து செத்துவிட்டது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னால், அதை நிமிர்த்தி நிற்கவைத்து, குழலுக்குள் வயர் விட்டு, உச்சியில் பல்பும் குடையும் மாட்டி, பித்தளைத் தகட்டில் சொந்தக்காரர் பெயரைப் பொறித்து கிளப் கூடத்தில் வைத்துவிடுவார்கள். மரியாதையாம். தலைவர் ராய்ஸ் சித்தப்பா. தீர்ப்புச் சொல்பவரும் அவர், வயர் விடுபவரும் அவர். ஏற்கெனவே இரண்டு விளக்குகள் கூடத்தில் எரிகின்றன. மூன்றாவதற்கு மான் படம் போட்ட குடையைக்கூட வாங்கிவிட்டாராம்.

"அது எங்கப்பா வச்சிருந்த ரைஃபிள்" என்றாள் அம்மா. சத்தமில்லாமல் சொன்னாள்.

"அதான் லவோன், அவர் பேரையே போடறேன். பெரிய எழுத்துல."

அப்பா உருளைக்கிழங்கைத் தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். மரம் ஏற்றும் லாரியை மலைச்சரிவில் பின்னோக்கி ஓட்டுகிற மனிதர். தம்பியோடு பேசுவதென்றால் மட்டும் உருளைக்கிழங்கு.

எங்கள் வீட்டில் இருக்கும் எல்லாமே அப்பா பக்கத்துச் சாமான். மேசை, அலமாரி, சுவரில் தொங்கும் கொம்புகள், இந்தச் சித்தப்பா. அம்மா பக்கத்திலிருந்து வந்தது அந்த ஒரு ரைஃபிள்தான். பழைய பிரிட்டிஷ் பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ. நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா அதை ஒரு போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். கூடப் படித்தவர்களுக்கு வீட்டில் கார் கிடைத்தது, ஐரோப்பா போக டிக்கெட் கிடைத்தது. எனக்கு ரைஃபிள். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைவிட நல்ல பரிசு என்ன வேண்டியிருக்கிறது எனக்கு?

அதை விளக்காக்குவாராம்.

"நீங்க குடுத்த குண்டைத்தான் சித்தப்பா சுட்டேன். குண்டு சரியில்லேன்னா?"

மேசையே சிரித்தது. மார்லிஸ் சித்திகூடச் சிரித்தாள். அவளை நான் மன்னிக்கவில்லை.

"என் குண்டு சரியில்லையா? நாப்பது வருஷமா ஈயம் காய்ச்சறேன். உங்க தாத்தா குழலை என் கையால அளந்திருக்கேன். முந்நூத்துப் பதினொண்ணு. ஒரு புள்ளி கூட வச்சு முந்நூத்துப் பன்னெண்டுக்குக் குண்டு போட்டுக் குடுத்தேன். இதுக்கு மேல என்ன பண்ணணும்? தாலாட்டுப் பாடணுமா?"

எங்கள் ஊரில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முந்நூற்றுப் பதினொரு பங்கு. குழலுக்குள் சுருண்டு ஓடும் வரிப்பள்ளங்களின் அளவைவிடக் குண்டு ஒரு பங்கு தடிமனாக இருந்தால்தான் பள்ளம் குண்டைக் கவ்விச் சுழற்றிவிடும். மெலிந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். சுழலாத குண்டு படுத்துவிடும்.

"அடுத்த சனிக்கிழமை ஈயக்குண்டுப் போட்டி இருக்கில்ல? அதே ரைஃபிள்ல சுடறேன்" என்றேன். "அஞ்சு குண்டு. அஞ்சும் வட்டமா விழும்."

"ஒண்ணு படுத்தாலும்?"

"நீங்களே வயர் விட்டுக்குங்க."

சித்தப்பா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். குலுக்கினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பாத்திரம் கழுவும்போது சொன்னாள், "ரைஃபிள் உன்னோடது. வாயும் உன்னோடதுதான். என்கிட்ட வராத."

ஆனால் நான் அவளிடம்தான் போனேன். குழலை அளப்பதற்கு இரண்டு பேர் வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது டயர் கடையிலிருந்து மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்தேன். பிரேக் தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற கருவி அது. ஆமாம், டயர் கடைதான். வரலாற்றில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் கிடைக்கிற வேலை அதுதான். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் பில் போடுகிறேன். வருகிறவன் போகிறவனெல்லாம் "ரோமாபுரி எப்படி விழுந்துச்சுன்னு சொல்லு, கேட்டுக்கிட்டே டயரை மாத்தறோம்" என்கிறான். நான் சொல்வதில்லை.

ரைஃபிளின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைக் கழற்றி, குழல் காலியாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, உள்ளே எண்ணெய் ஓடவிட்டேன். அப்பாவின் மீன்பிடிப் பெட்டியிலிருந்து தூண்டிலில் கட்டுகிற ஈயம் ஒன்றை எடுத்தேன். முட்டை வடிவத்தில், நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மெத்தென்ற ஈயம். அதைக் குழல் வாயில் வைத்து அடித்து உள்ளே இறக்கி, மறுபக்கம் வரை தள்ளி வெளியே எடுத்தால், குழலின் உட்புறம் அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். பிறகு அதை அளக்க வேண்டியதுதான்.

அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ரைஃபிளை நிமிர்த்தி முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள். இறைச்சியைத் தட்டி மிருதுவாக்குகிற மரச் சுத்தியலால் நான் அடித்தேன்.

"மெதுவாடி. என் கால் இருக்கு."

"காலை அடிக்கல, ஈயத்தைத்தான் அடிக்கறேன்."

"ராய்ஸை நெனச்சுக்கிட்டு அடிக்கற. அது தெரியுது."

ஈயம் ஓரம் சீவிக்கொண்டு உள்ளே போயிற்று. சீவிய வளையம் தரையில் விழுந்தது. டேப் சுற்றிய இரும்புக் கம்பியை வைத்துத் தட்டித் தட்டித் தள்ளினோம். பாதி வழியில் நின்றுகொண்டது.

"தள்ளு, தள்ளு" என்றாள் அம்மா. "நீ பொறந்தப்போ நர்ஸ் இப்படித்தான் கத்தினா. நீயும் இப்படித்தான் பாதியில நின்ன."

கடைசியில் அது வெளியே வந்து, நாற்காலிக்கு அடியில் விரித்திருந்த பாயில் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன். பளபளவென்று, சுற்றிலும் மேடும் பள்ளமுமாக ஒரு சின்னப் பல்சக்கரம் மாதிரி அழகாக இருந்தது. மைக்ரோமீட்டர் வாய்க்குள் வைத்துத் திருகினேன்.

முந்நூற்றுப் பதினொன்று.

சித்தப்பா சொன்ன அதே அளவு.

திருப்பி வைத்து அளந்தேன். முந்நூற்றுப் பத்து. இன்னொரு பக்கம் வைத்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி முந்நூற்றுப் பதினொன்று. ஒரே ஈயம், கேட்கிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்கிறது. ஆனால் எல்லாம் சித்தப்பாவின் அளவைச் சுற்றிச் சுற்றியே வருகிறது.

"அப்ப ராய்ஸ் சொன்னது சரிதான் போல" என்றாள் அம்மா.

"அம்மா, தயவுசெஞ்சு வாயை மூடு."

"இன்னிக்கு வரைக்கும் அந்தாளு ஒண்ணுகூடச் சரியாச் சொன்னதில்ல. இது முதல் தடவை. அதான் ஆச்சரியமா இருக்கு."

நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். எப்போதும் தப்பாகவே சொல்கிற மனிதர் ஒரு தடவை சரியாக அளந்திருந்தால் அதைவிடக் கடுப்பு எதுவும் கிடையாது.

இரண்டு நாள் அந்த ஈயத்தைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன். கடையில் பில் போட்டுக்கொண்டே பைக்குள் விரலால் உருட்டினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ட்ரெண்ட் என்று ஒருத்தன் வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். பிக்கப்பின் பின்னால் நான்கு அலாய் சக்கரங்கள். யாரோ விற்றதை வாங்கி வந்திருக்கிறான். போல்ட் ஓட்டைகள் அவன் வண்டியில் உட்காரவில்லை.

"உங்க கடை ஆளு சக்கரம் மாட்டத் தெரியாதவன்" என்றான் வந்ததும் வராததுமாக.

"மாட்டறது அப்புறம். அளந்துதான வாங்கின?"

"டேப் வச்சு அளந்தேன். இந்த போல்ட்ல ஆரம்பிச்சு நேர் எதிர்ல இருக்கிற போல்ட் வரைக்கும். கரெக்டா அளந்தேன்."

"உன் வண்டிக்கு எத்தனை போல்ட்?"

"அஞ்சு."

"அஞ்சு போல்ட்டுக்கு ஏதுடா நேர் எதிர்? நாலு இருந்தா எதிர் இருக்கும். ஆறு இருந்தா இருக்கும். அஞ்சு இருந்தா ஒரு போல்ட்டுக்கு எதிர்ல ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல இருக்கிற காலி இடம்தான் வரும். நீ கோணலா இழுத்து அளந்திருக்க. அளவு கொறைச்சலாத்தான் வரும், அது எப்பவுமே…"

பையிலிருந்து ஈயத்தை எடுத்தேன். கவுன்ட்டர் விளக்குக்கு அடியில் பிடித்து, மேடுகளை எண்ணினேன்.

ஐந்து.

குழலில் இருக்கும் ஒவ்வொரு வரிப்பள்ளத்துக்கும் ஒரு மேடு. ஒரு மேட்டுக்கு எதிரில் மேடு இல்லை. பள்ளம் இருந்தது. மைக்ரோமீட்டர் ஒரு பக்கம் மேட்டைத் தொட்டது, மறுபக்கம் எங்கேயோ சறுக்கி நின்றது. நான் அளந்தது எதுவுமே குழலின் முழு அளவு இல்லை. சித்தப்பா அளந்ததும் இல்லை. நாற்பது வருஷமாக அவர் அளந்த ஐந்து வரித் துப்பாக்கி எதுவுமே இல்லை.

"என்ன ஆச்சு உனக்கு? அழறியா?" என்றான் ட்ரெண்ட்.

"சிரிக்கறேன். உன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டுப் போ. இல்ல, இரு. தேங்க்ஸ்."

"எதுக்கு?"

"முட்டாளா இருக்கிறதுக்கு."

எதிரே மேடு இல்லாத ஒன்றை எப்படி அளப்பது? மேடுகளுக்கு மேலே சுற்றிலும் ஒரு தகட்டைப் போர்த்திவிட வேண்டும். தகடு பள்ளத்தில் இறங்காமல் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டுவிடும். அதோடு சேர்த்து அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு பக்கத்துக்கும் கழித்துவிட்டால் முடிந்தது. மெல்லியதாக, ஒரே சீராக, சுற்றினால் உடையாத தகடு வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட தகடு குளிர்பெட்டி நிறைய இருக்கிறது.

அம்மா பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு பீர் குடி."

"இப்பவேவா?"

"எனக்குக் கேன் வேணும்."

"அப்ப நீ குடி."

"நான் அளக்கணும். கை ஆடக் கூடாது."

அம்மா குடித்தாள். ரொம்ப நிதானமாகக் குடித்தாள். வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன். குடித்து முடித்ததும் கத்திரியால் கேனை வெட்டி, ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு எடுத்து, ஈயத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். மூன்று முறை வழுக்கியது. நான்காவது முறை அம்மா தகட்டைப் பிடிக்க, நான் திருகினேன். எழுதி, தகட்டின் தடிமனை இரண்டு முறை கழித்தேன்.

முந்நூற்றுப் பதினைந்து.

திருப்பி வைத்தேன். முந்நூற்றுப் பதினைந்து. எப்படித் திருப்பினாலும் அதே பதில்.

"அப்ப ராய்ஸ் குடுத்த குண்டு?"

"முந்நூத்துப் பன்னெண்டு. குழலுக்குள்ள தொளதொளன்னு போயிருக்கு. அப்பாவோட பேன்ட்டை நான் போட்டுக்கிட்டு ஓடின மாதிரி."

அம்மா காலிக் கேனின் மிச்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நான் இன்னொண்ணு குடிக்கட்டுமா? சரிபாக்கறதுக்கு?"

எங்கள் கிளப்பின் போட்டி விதிப்படி அவரவர் சுடும் குண்டை அவரவரே வார்க்க வேண்டும். ஈயம் காய்ச்சும் அடுப்பும் அச்சும் இருப்பது சித்தப்பாவின் கார் ஷெட்டில்தான். போனேன். கதவைத் திறந்துவைத்து, சட்டியில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார். சக்கரம் ஆடாமல் சுற்றுவதற்காக விளிம்பில் மாட்டியிருந்து, எங்கள் கடையில் கழற்றுகிற ஈயக்கட்டிகள்தான். அவருக்கு நான்தான் வாளி வாளியாகக் கட்டி எடுத்துவைக்கிறேன்.

"வா காலேஜ். கண்ணாடி போட்டுக்க. தண்ணி பாட்டிலை வெளியில வை, ஒரு சொட்டு சட்டியில விழுந்தா ஈயம் மூஞ்சிக்கு வரும்."

அதில் மட்டும் அவர் கெட்டி. கரண்டியால் மோந்து அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, தட்டிக் கொட்டினேன். முதல் சில குண்டுகள் சுருங்கிப் போய் வந்தன. அச்சு சூடேறியதும் வெள்ளிக் காசு மாதிரி பளிச்சென்று விழுந்தன. ஒன்றை ஆறவிட்டு அளந்தேன். முந்நூற்றுப் பதினாறு. எனக்கு வேண்டிய அளவு அச்சிலிருந்தே வருகிறது!

சித்தப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், அச்சிலிருந்து சரியாக விழும் குண்டை எடுத்து, ஒரு இரும்பு வளையத்துக்குள் அமுக்கி நுழைத்து முந்நூற்றுப் பன்னிரண்டாக இளைக்கவைத்தார். கஷ்டப்பட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

"குடு, வளையத்துல விட்டுத் தரேன்" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம். இப்படியேதான் போடப்போறேன்."

"இது குண்டா பூசணிக்காயா?"

"சித்தப்பா, நான் அளந்தேன். குழல் முந்நூத்துப் பதினஞ்சு."

"எதை வச்சு அளந்த?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். மேடு பள்ளம், ஐந்து வரி, எதிர்ப்பக்கம், தகடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பீர் கேனா?"

"தகடு எதுவா இருந்தா என்ன?"

"மார்லிஸ்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். "இங்க வந்து கேளு! மரமில்லுல என் மைக்ரோமீட்டரைத் தொட ஃபோர்மேனுக்கே பயம். இவ பீர் கேனைச் சுத்தி அளந்தாளாம்! நாலு வருஷம் இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. ரோமாபுரி எப்படி விழுந்துச்சுன்னு சொல்லிக் குடுத்தாங்க. தலைவருங்க யாரு பேச்சையும் கேக்கலையாம்."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என் குண்டு ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆபத்து இருக்கா?" என்றாள் மார்லிஸ் சித்தி வாசலில் நின்றபடி.

"கம்மி மருந்துதான். ஆபத்து இல்ல, அசிங்கம்தான்" என்றார். "சுடட்டும். குழல் பூரா ஈயம் அப்பிக்கும். சுடட்டும்."

அவருடைய மேசையிலேயே தேன்மெழுகு தடவி, மருந்து நிறுத்து, தோட்டா கட்டினேன். ஒவ்வொன்றையும் அவர் சரிபார்த்தார். அவ்வளவு நல்ல மனசு அவருக்கு. நான் தோற்பதில் ஒரு குறையும் வரக் கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை குளிர் அடித்தது. கிளப் கூடத்தின் வாசலில் அம்மாவும் இன்னும் சில பெண்களும் பெரிய அண்டாக்களில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட காரக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஆண்கள் சுடுவார்கள், பெண்கள் கிண்டுவார்கள். போட்டி விண்ணப்பத்தில் பெண்கள் சுடக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அண்டாவை யார் பார்த்துக்கொள்வது என்றும் எங்கேயும் இல்லை.

பந்தய விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. என் முறை வந்ததும் எல்லோரும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்கள். ட்ரெண்டும் வந்திருந்தான், பழைய சக்கரத்திலேயே. சித்தப்பா பக்கத்து மேசையில் தூரக்கண்ணாடியை என் தாளின் மேல் திருப்பி வைத்தார்.

பக்கத்தில் வெர்ன். அறுபதைத் தாண்டிய, மரம் வெட்டிய மனிதர். கூடத்தில் எரிகிற முதல் விளக்கு அவருடையது. "பதறாத பொண்ணே" என்றார். "விளக்கா இருந்தாலும் நல்ல வெளிச்சம் தருது."

"ஆறுதல் சொல்றீங்களா, வெறுப்பேத்தறீங்களா?"

"எனக்கே தெரியல."

படுத்தேன். மூச்சைப் பாதி விட்டேன். சுட்டேன்.

சித்தப்பா தூரக்கண்ணாடியின் திருகை முன்னும் பின்னும் திருப்பினார்.

"என்ன சித்தப்பா?"

"தாள்ல பட்டிருக்கு."

"எப்படிப் பட்டிருக்கு?"

"பட்டிருக்குன்னு சொன்னேன்ல."

வெர்ன் அவரைத் தோளால் நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "வட்டம்" என்றார். "காப்பிக் கோப்பை வச்ச தடம் மாதிரி வட்டம்."

இரண்டாவது வட்டம். மூன்றாவது தாளின் ஓரத்தில், வெளியே விழுந்திருக்க வேண்டியது, ஆனாலும் வட்டம். நான்காவதுக்குக் குறிவைக்கும்போது, அம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வட்டம். ஐந்தாவதுக்கு முன் சித்தப்பா இருமினார். வேண்டுமென்றுதான். வட்டம்.

புள்ளிக் கணக்கில் நான் கடைசிக்கு முந்தி. எனக்குக் கொடுத்தது ரைஃபிள். குறி பார்க்கக் கற்றுத்தர யாரும் வரவில்லை. ஆனால் தாளைக் கழற்றிக்கொண்டுவந்து சித்தப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தபோது ஐந்து ஓட்டை வழியாகவும் வானம் உருண்டையாகத் தெரிந்தது.

"அந்த ஈயம் இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். தகட்டையும் கொடுத்தேன். அவர் தன்னுடைய மைக்ரோமீட்டரைத் தோல் உறையிலிருந்து எடுத்தார். முதலில் தகடு இல்லாமல் அளந்தார். பிறகு மேடுகளை எண்ணினார். உதடு அசைவது தெரிந்தது. மறுபடி எண்ணினார். ஆறாவது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார். தகட்டைச் சுற்றி அளந்தார்.

"இது என்ன பீர்?"

"அம்மா குடிக்கிறது."

"அந்தக் கம்பெனிக் கேன் தடிமன் ஜாஸ்தி."

"அதுக்குத்தான் ரெண்டு தடவை கழிக்கறது."

அவர் இன்னொரு முறை அளந்தார். காது சிவந்திருந்தது. "முந்நூத்துப் பதினஞ்சு" என்றார் யாரையும் பார்க்காமல். நாற்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்ததிலேயே மெல்லிய சத்தம் அதுதான். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன்.

அதற்குள் வெர்னைக் காணோம். கூடத்தின் கதவு திறந்தது. குடையோடும் பல்போடும் தன் விளக்கைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு அவர் வந்தார். பின்னால் வயர் புல்லில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"ராய்ஸ்" என்றார். "இதுவும் பிரிட்டிஷ் ரைஃபிள்தான்."

"வெர்ன், இங்க வேண்டாம்."

"இதுக்கும் நீதான் அளந்த. எத்தனை வரின்னு எண்ணினியா?"

"உள்ள வயர் இருக்கு. எப்படி எண்ணறது?"

"பிடுங்கு."

"அந்தப் பித்தளைத் தகட்டை நான் கையால பொறிச்சேன் வெர்ன்!"

"அழகாத்தான் பொறிச்சிருக்க. 'நிம்மதியாக உறங்கு'ன்னு போட்டிருக்க. நல்லாயிருந்ததை உறங்கவச்சுட்டு!"

ஊரே சிரித்தது. ட்ரெண்ட் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். சித்தப்பா மண்டியிட்டு, விளக்கின் அடியில் திருப்புளியைப் போட்டுத் திருகத் தொடங்கினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். ரொம்ப நன்றாக இருந்தது.

அப்போதுதான் அம்மா வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, கரண்டியோடு நேரே என் மேசைக்கு வந்தாள்.

"இன்னும் குண்டு மிச்சம் இருக்கா?"

"அஞ்சு இருக்கு. ஏன்?"

கரண்டியை என் கையில் கொடுத்தாள். ரைஃபிளைத் தூக்கினாள். குழல் பார்க்கும் திசை, போல்ட், பாதுகாப்பு விசை என்று அவள் கை தானாகப் போனது. அவள் படுத்த விதத்தில் ஒரு அவசரமும் இல்லை. அவளை நான் துப்பாக்கியோடு பார்த்ததே இல்லை. இறைச்சியோடும் பாத்திரத்தோடும்தான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தும் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

வெர்ன் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு, "லவோன், இத்தனை வருஷமா நீ எதுக்கு அண்டா கிண்டின?" என்றார்.

ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. அதில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என் ஐந்து, தாளின் நான்கு மூலைக்கும் வாசல் வைத்தவை.

அம்மா எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். ரைஃபிளைத் தோளில் மாட்டினாள். என் தோளில் இல்லை, அவள் தோளில்.

"அம்மா, அது என்னோடது."

"ம்."

"பட்டம் வாங்கினதுக்கு நீ குடுத்தது."

"இனிமே சுடாதுன்னு நெனச்சுக் குடுத்தேன். ராய்ஸ் ரொம்ப வருஷமா அப்படித்தான சொல்லிக்கிட்டிருந்தான்? சுடற ரைஃபிளை யாராவது குடுப்பாங்களா?"

"நான்தான் பந்தயம் கட்டினேன். நான்தான் அளந்தேன். நான்தான் குண்டு வார்த்தேன்!"

"நல்லா அளந்தடி" என்றாள். நிஜமாகவே சொன்னாள், கன்னத்தைக்கூடத் தொட்டாள். "இன்னும் ஒரு ஐம்பது குண்டு வார்த்துவை. அடுத்த மாசம் கீழ்ப் பள்ளத்தாக்குக் கிளப்புல போட்டி இருக்கு. யாரு வார்த்த குண்டுன்னு அங்க கேக்க மாட்டாங்க. இப்ப போய்க் கிண்டு, அடி பிடிக்குது பாரு."

அவள் நேரே பதிவு மேசைக்குப் போய், அந்தப் போட்டிக்குத் தன் பெயரை எழுதச் சொன்னாள். பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கரண்டியோடு நின்றேன். என் அளவுக்குக் கோபம் வந்தவர்கள் அந்த மைதானத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. யார் மேல் என்பதுதான் குழப்பம். குழம்பு நிஜமாகவே அடி பிடித்துக்கொண்டிருந்தது. போய்க் கிண்டினேன்.

ட்ரெண்ட் கிண்ணத்தை நீட்டினான். "கறி நிறையப் போடு" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு வரிசையில நில்லு" என்றேன்.